சுங்கை சிப்புட்டில் ஆறு புதன்கிழமைகள்: ஒரு வேதபாட வகுப்பின் மதிப்பீடு

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்துச் சிற்றாலயம் ஒன்றின் பின்புற மண்டபத்தில், புதன்கிழமை இரவு 8 மணி முதல் 9.30 வரை, ஆறு வாரங்கள் நடந்த வேதபாட வகுப்புக்குத் தவறாமல் சென்று வந்தேன். புதிய ஏற்பாட்டில் உள்ள, யோவான் எழுதிய முதலாம் நிருபமே (கடிதமே) பாடம். விசுவாசம், அன்பு, பாவம், கீழ்ப்படிதல் ஆகிய நான்கும் ஒரு கிறிஸ்தவனின் வாழ்க்கையில் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதே பொருள். கட்டணம் 35 வெள்ளி (ரிங்கிட்). 48 பக்கக் கையேடும் இடைவேளைத் தேநீரும் அதில் அடக்கம். 60 வயதைக் கடந்தவர்கள் எதுவும் கட்டவேண்டியதில்லை. அடுத்த தொடருக்குப் பெயர் கொடுக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டதால், கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் தயக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கீழ்ப்படிதலைப் பற்றிய வகுப்பு என்று கேட்டவுடன் எனக்குச் சற்று அலுப்பே தட்டியது. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், வேறொரு சபையில், இதே தலைப்பில் நான் உட்கார்ந்திருந்த வகுப்பு ஒரு தடைப்பட்டியலாகவே முடிந்தது. நகை அணியக் கூடாது, திரையரங்குக்குப் போகக் கூடாது, தசமபாகத்தைக் குறைக்கக் கூடாது, போதகரை எதிர்த்துப் பேசக் கூடாது. பட்டியலின் கடைசி வரிதான் அந்த வகுப்பின் நோக்கம் என்பது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. அந்தக் கசப்போடுதான் இந்த மண்டபத்துக்குள் நுழைந்தேன் என்பதை வாசகர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பை நடத்தியவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். அந்தச் சபையின் மூப்பர்களில் ஒருவர். ஐம்பது பேருக்கும் குறையாமல் வந்திருந்தோம். மெதடிஸ்டுகளும் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் கலந்திருந்தனர். தோட்டங்களிலிருந்து தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களே பெரும்பான்மை. முதல் நாளே ஆசிரியர் கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதி, "இதில் எது முதலில் வரும்?" என்று கேட்டார். பாதிப் பேர் கீழ்ப்படிதல் என்றார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. நான்காம் அதிகாரத்தின் 19ஆம் வசனத்தை உரக்க வாசிக்கச் சொன்னார். தேவன் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்தான் நாம் அன்புகூருகிறோம் என்று அது சொல்கிறது. பலகையில் இருந்த நான்கு சொற்களுக்கும் மேலே, சுண்ணாம்புக் கட்டியால் "முந்தி" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தச் சொல்லை ஆறு வாரமும் யாரும் அழிக்கவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட அதைச் சுற்றித்தான் படம் வரைந்திருந்தார்கள்.

இரண்டாம் வாரம்தான் வகுப்பு உண்மையில் சூடுபிடித்தது. அதற்குக் காரணம் நான்காம் படிவ மாணவி ஒருத்தி. கையேட்டில் வசனங்கள் எல்லாம் பழைய மொழிபெயர்ப்பில் அச்சாகியிருந்தன. தேவனுடைய கற்பனைகளைக் கைக்கொள்வதே அவரிடத்தில் அன்புகூருவது என்ற ஐந்தாம் அதிகார வசனத்தை வாசித்த அந்தப் பெண், "ஐயா, கற்பனை என்றால் மனசுக்குள் நாமாக நினைத்துக்கொள்வதுதானே? கடவுள் நினைத்துப் பார்ப்பதை நாம் எப்படிக் கைக்கொள்வது?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. பழைய தமிழில் கற்பனை என்ற சொல்லுக்குக் கட்டளை என்றும் பொருள் உண்டு என்பதையும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் கட்டளை என்றே எழுதுகிறது என்பதையும் விளக்கிவிட்டு, "தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி, நம்மில் பலர் கடவுளுடைய கட்டளை என்று நினைத்துக்கொண்டு நம்முடைய கற்பனையைத்தான் கைக்கொண்டு வருகிறோம்" என்றார். எனக்கு என் பழைய வகுப்பின் தடைப்பட்டியல் நினைவுக்கு வந்தது.

அன்றிரவே அவர் விசுவாசம் என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டார். புதிய மொழிபெயர்ப்பில் அது நம்பிக்கை என்று வருகிறது. ஆனால் நம் பேச்சு வழக்கில் விசுவாசம் என்றால் என்ன? நாய்க்கு எஜமானிடம் இருப்பது; உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது. கடவுள் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்வதை நாம் யாரும் விசுவாசம் என்று சொல்வதில்லை. யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், அப்படி ஒப்புக்கொள்வதைப் பிசாசுகளும் செய்து நடுங்குகின்றன என்று இருப்பதை அவர் இங்கே பொருத்தினார். தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே கீழ்ப்படிதலின் வாடை இருக்கிறது. கிரேக்கத்தைத் தேடிப் போகுமுன் நம் வீட்டுச் சொல்லைக் கேளுங்கள் என்பது அவருடைய வாதம். அதே சமயம், எஜமான விசுவாசம் என்ற சொற்சேர்க்கை தோட்டத்துக்காரர்களின் காதில் எப்படி விழும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதைத்தான் மூன்றாம் வாரத்துக்கு வைத்திருந்தார்.

மூன்றாம் வாரம் படக்காட்டிக் கருவி வேலை செய்யவில்லை. அரை மணி நேரம் இரண்டு இளைஞர்கள் கம்பிகளோடு மல்லுக்கட்டினார்கள். அது ஒரு பாக்கியம் என்றே இப்போது நினைக்கிறேன். ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா பேச ஆரம்பித்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பால் மரம் (ரப்பர் மரம்) சீவியவர். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் கூலி, போய்விடும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மரத்துக்கு மரம் வந்து, உளி ஆழமாகப் பட்ட காயங்களை எண்ணுவார். காயம் கூடினால் திட்டும் கூலிப்பிடிப்பும். "எங்களுக்குக் கீழ்ப்படிதல் என்றால் அதுதான் ஐயா. கடவுளும் காயம் எண்ணுகிற மண்டோர்தானா?" என்று கேட்டார்.

ஆசிரியர், "அக்கா, நீங்களே சொல்லுங்கள். மண்டோர் வராத நாளில் எப்படிச் சீவினீர்கள்?" என்றார். அந்த அம்மாள் எழுந்து வந்து, மேசை மேல் இருந்த ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் தோலில் நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோடு. ஒவ்வொரு தடவையும் உளி எடுப்பது தாள் கனத்துக்குச் சற்று கூடுதலான பட்டை. உள்ளே மரத்துக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் ஈரப் படலத்தை உளி தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த இடத்தில் புதுப் பட்டை மேடுபள்ளமாக முண்டுமுண்டாகத்தான் வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வரும்போது உளி சீராக ஓடாது. மேலாகச் சீவினாலோ பால் அதைப் பிடிக்கும் மங்குக்குச் (கிண்ணத்துக்குச்) சரியாக வராது. "மண்டோர் பார்க்கிறார் என்பதற்காகச் சீவினவர்கள் அவர் போன பிறகு ஆழமாக வெட்டிப் பாலை அதிகமாக எடுப்பார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. அந்த மரத்தை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பழத்தை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஆசிரியர் அதற்கு உரை எழுத முயலாமல், நான்காம் அதிகாரத்தின் 18ஆம் வசனத்தை மட்டும் வாசித்தார்: அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும். பிறகு மூன்றாம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்துக்கு வந்தார். அங்கே பாவத்துக்கு யோவான் கொடுக்கும் விளக்கத்தில் வரும் கிரேக்கச் சொல் அனோமியா. சட்டமின்மை என்பது அதன் நேர்ப்பொருள். தனித்தனியாகச் செய்யும் தவறுகளை மட்டும் அது குறிக்கவில்லை. எனக்கு மேலே யாரும் இல்லை என்று வாழும் நிலையைக் குறிக்கிறது. பாவத்தைக் காயங்களின் எண்ணிக்கையாக மட்டும் பார்க்கிறவன் மண்டோரைத் திருப்திப்படுத்தினால் போதும் என்று நினைப்பான்; யோவானோ உளி பிடித்திருக்கும் கையின் மனத்தைப் பற்றிப் பேசுகிறார். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே 35 வெள்ளி கொடுக்கலாம். படக்காட்டி வேலை செய்திருந்தால் நாங்கள் எபேசு பட்டணத்து இடிபாடுகளின் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

நான்காம் வாரத்தைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. இந்த நிருபத்தின் பெரிய முடிச்சு எல்லாருக்கும் தெரிந்ததே. முதல் அதிகாரத்தின் 8ஆம் வசனம், நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்கிறது. மூன்றாம் அதிகாரத்தின் 9ஆம் வசனம், தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான் என்கிறது. இரண்டையும் ஒரே கை எழுதியிருக்கிறது. ஆசிரியர் இந்த முடிச்சைப் பத்தே நிமிடத்தில் அவிழ்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டார். கிரேக்கத்தில் மூன்றாம் அதிகார வினைச்சொற்கள் நிகழ்காலத்தில் இருக்கின்றன. ஆகவே அவை தொடர்ந்து பழக்கமாகச் செய்வதைக் குறிக்கின்றன. விசுவாசி எப்போதாவது விழுவான், விழுந்தே கிடக்கமாட்டான் என்றார். கையேட்டிலும் இதே விளக்கம் கட்டம் கட்டி அச்சாகியிருக்கிறது.

இது பல பிரசங்கங்களில் கேட்ட விளக்கம்தான், முழுக்கத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிகழ்காலத்தின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது. ஐந்தாம் அதிகாரத்தின் 16ஆம் வசனத்தில், மரணத்துக்கு ஏதுவல்லாத பாவத்தைச் செய்யும் சகோதரனைப் பற்றிச் சொல்லும்போதும் யோவான் அதே நிகழ்கால வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறார். அவனைச் சகோதரன் என்றும் அழைக்கிறார். அவனுக்காக ஜெபிக்கவும் சொல்கிறார். இலக்கணத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்றால் இந்த வசனம் எங்கே போகும்? நான் கையைத் தூக்கிக் கேட்டேன். நேரமாகிவிட்டது, வேன் ஓட்டுநர் காத்திருக்கிறார் என்று பதில் வந்தது. வேன் காத்திருந்தது உண்மைதான். ஆனாலும் இதற்கு ஒரு முழு இரவு ஒதுக்கியிருக்க வேண்டும்.

என் வாசிப்பு வேறு. இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது: நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு இவைகளை எழுதுகிறேன், ஒருவன் பாவஞ்செய்வானானால் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார். யோவானுடைய சபையிலிருந்து சிலர் பிரிந்து போயிருந்தார்கள். அதை அவரே இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். தங்களுக்குப் பாவமே இல்லை என்ற வாதத்தை முதல் அதிகாரம் மறுக்கிறது. பாவம் செய்தாலும் தேவனை அறிந்தவர்களாகவே இருக்கலாம் என்ற வாதத்தை மூன்றாம் அதிகாரம் மறுக்கிறது. நோய் இரண்டு, மருந்தும் இரண்டு. ஒரு மருந்தை மற்றதில் கலந்து நீர்க்கச் செய்வதைவிட, இரண்டையும் அதனதன் கசப்போடு விழுங்குவதே மேல் என்று நினைக்கிறேன். இதை ஆசிரியரிடம் தேநீர் நேரத்தில் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. எழுதித் தரச் சொன்னார்.

தேநீரைப் பற்றியும் ஒரு வரி. முதல் இரண்டு வாரம் பொட்டலப் பிஸ்கட்டும் ஆறிப்போன தேநீரும்தான். மூன்றாம் வாரத்திலிருந்து பெண்கள் ஐக்கியத்தார் கறிபாப்பும் வடையும் சுடச்சுடக் கொண்டு வந்தார்கள். வருகை அதனால் கூடியது என்று சொல்பவர்களை நான் மறுக்கப்போவதில்லை.

ஐந்தாம் வாரம் ஒரு கத்தோலிக்க அம்மையார், நற்செயல்களால் மீட்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறவர்கள் என்று தம் சபையைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு வருத்தப்பட்டதாகச் சொன்னார். மண்டபத்தில் சற்று இறுக்கம். ஆசிரியர் இதை நேர்மையாகக் கையாண்டார். 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதி லூத்தர், கிரியைகளை (நற்செயல்களை) வலியுறுத்தும் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று குறைத்துப் பேசியதை மறைக்கவில்லை. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம், மனிதன் தேவன் முன் எப்படி நீதிமானாக்கப்படுகிறான் என்பதைப் பற்றி விதித்ததையும் சொன்னார். பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையை எடுத்தார். நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், ஏற்றுக்கொண்ட நம்மையே நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006இல் உலக மெதடிஸ்டு மன்றமும் அதில் சேர்ந்துகொண்டது. "இந்த மண்டபத்தில் இருக்கும் மூன்று சபையாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை" என்று அவர் சொன்னபோது, அந்த அம்மையாரே முதலில் சிரித்தார். கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்" என்ற தொடரை வைத்து அன்றைய பாடத்தை முடித்தார். விசுவாசம் வேர், அன்பு அதில் ஓடும் பால், கிரியை மங்கில் விழுவது என்று யாரோ உவமை சொன்னார்கள். வேரிலிருந்து பால் வருவதில்லை, பட்டையிலிருந்துதான் வருகிறது என்று அந்தப் பெரியம்மா திருத்தினார்.

அதே இரவில் பாடத்துக்குள் பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீனும் வந்தார். இந்த நிருபத்தைப் பற்றி அவர் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய அல்ஜீரியாவில் இருந்த தம் சபைக்கு ஆற்றிய பிரசங்கங்களில் ஒன்றில்தான், அன்புகூர், பிறகு நீ விரும்புவதைச் செய் என்ற புகழ்பெற்ற வரி வருகிறது. நம் இளைஞர்கள் அதைத் தங்களுக்கு வசதியாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். ஆசிரியர் அந்த வரிக்கு முன்னால் இருப்பதையும் சொன்னார். தகப்பன் பிள்ளையை அடிக்கிறான். பிள்ளை பிடிக்கிறவன் தடவிக்கொடுக்கிறான். செயலை மட்டும் பார்த்தால் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று அகுஸ்தீன் கேட்கிறார். அன்பு என்ற வேர் இருந்தால் பேசுவதும் மௌனமாக இருப்பதும், கண்டிப்பதும் மன்னிப்பதும் நன்மையாகவே முடியும் என்பதே அவர் கருத்து. கட்டளையைத் தளர்த்தும் சலுகையாக அந்த வரியை எடுத்துக்கொள்ள வழியில்லை.

இத்தனை நல்ல பாடத்திலும் ஒரு குறை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பாவம் என்று சொல்ல வந்த போதெல்லாம் உதாரணம் குடியாகவே இருந்தது. கள்ளு, சம்சு என்ற மலிவுச் சாராயம், சம்பள நாள் இரவு. நம் குடும்பங்களைக் குடி எப்படி அழித்தது என்பதை அறியாதவன் அல்ல நான். ஆனால் யோவான் இந்த நிருபத்தில் குடியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவர் எழுதியது சகோதரனைப் பகைப்பவன் கொலைபாதகன் என்பதும், இவ்வுலக ஆஸ்தி உடையவன் குறைச்சலில் இருக்கும் சகோதரனுக்குத் தன் இருதயத்தை அடைத்துக்கொண்டால் அவனுக்குள் தேவ அன்பு எப்படி நிலைகொள்ளும் என்பதும்தான். தோட்டம் துண்டாடப்பட்டு இழப்பீடு வந்தபோது அந்தப் பணத்துக்காகவும், அப்பா பெயரில் இருந்த வீட்டுக்காகவும் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் இந்தப் பட்டணத்தில் எத்தனை பேர்! ஆறு வாரமும் மண்டபத்தின் இரு ஓரங்களில் உட்கார்ந்திருந்த இருவரை எனக்கே தெரியும். இருவரும் குடிப்பதில்லை. இருவரும் திருவிருந்துக்கு வருகிறார்கள். சாதி பார்த்துப் பெண் கொடுப்பதைப் பற்றியும் வகுப்பு வாய் திறக்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தின் 23ஆம் வசனம் விசுவாசத்தையும் ஒருவரிலொருவர் அன்பாயிருப்பதையும் ஒரே கற்பனையாகக் கட்டிப்போட்டிருக்கிறது; அதை ஆசிரியர் அழகாக விளக்கினார்; ஆனால் கட்டப்பட்ட அந்த முடிச்சு எங்கள் வீட்டு வாசல் வரை வரவில்லை.

கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்து பெரியது; வயதானவர்களுக்கு வசதி. குறிப்பெழுத இடம் தாராளம். அச்சுப்பிழைகள் சில. பின்னட்டையில், விசுவாசிக்கிறவனே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவனே விசுவாசிக்கிறான் என்ற வரி, எழுதியவர் பெயர்கூட இல்லாமல் பூவேலைப்பாட்டுக்கு நடுவில் அச்சாகியிருக்கிறது. அது 1937இல் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோபர் எழுதியது. ஹிட்லர் என்ற தலைவனுக்குக் கீழ்ப்படிவதே கடமை என்று ஒரு தேசம் முழுவதும் கைநீட்டி நின்ற காலத்தில் எழுதியது. தேவனுக்குக் கீழ்ப்படிந்ததாலேயே அரசுக்குக் கீழ்ப்படியாமல் போய், 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டவர் அவர். கங்காணிக்கும் மண்டோருக்கும் தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கும் மூன்று தலைமுறையாகக் கீழ்ப்படிந்து பழகிய ஒரு சமூகத்துக்கு, கீழ்ப்படிதல் என்பது யாருக்கு என்ற கேள்வி எவ்வளவு தேவை! அதைப் பூவேலைக்குள் வைத்து மூடியிருக்க வேண்டாம்.

வசதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்டபத்தில் காற்றாடிகள் போதும். ஆனால் நடு வரிசைக் காற்றாடி போடும் சத்தத்தில் ஆசிரியரின் குரல் கேட்காது, முன்னால் உட்காருவது நல்லது. மழை பெய்தால் தகரக் கூரையின் கீழ் எல்லா வரிசையும் ஒன்றுதான். வண்டி நிறுத்த இடம் உண்டு. தொலைவில் உள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வேன் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் இருக்கைகள் குறைவு, வகுப்பு நீண்டால் திரும்பும் நேரமும் தள்ளிப்போகும். மறுநாள் விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் ஒன்பதரைக்கே எழுந்து போய்விடுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய மொழிபெயர்ப்பு, புதிய மொழிபெயர்ப்பு இரண்டையும் கொண்டு போனால் பாதிக் குழப்பம் குறையும்.

அடுத்த தொடர் யாக்கோபின் நிருபம் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன். யோவானின் நிருபத்து ஐந்தாம் அதிகாரத்தின் 16ஆம் வசனத்தைப் பற்றி ஆசிரியர் கேட்டபடி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரத்தில் அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். படக்காட்டியைப் பழுது பார்த்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அது ஒன்றுதான் கவலையாக இருக்கிறது.